தசம் ஐயாவின் சிவப்பு மீட்டர்

ஊரே பயப்படுகிற எதற்கும் பயப்படாமல், ஊரில் யாரும் கேள்விப்பட்டேயிராத ஒன்றுக்குப் பயந்து நடுங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பதுளைக் கந்தோரில் கணக்குப் பார்த்த தசம் ஐயா. பாம்பு, மண்சரிவு, மேலதிகாரி எதுவும் அவரை அசைக்காது. "மிக்சர் மெலிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. முகம் சுண்ணாம்பாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டு, பஜாரில் விற்கிற காரமான மிக்சர் என்று நினைத்து, "இப்ப எல்லாக் கடையிலயும் அப்படித்தாங்க ஐயா, கடலையே போடறதில்ல" என்று ஆறுதல் சொன்னவன் நான். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவர் சொன்ன மிக்சர் கார் எஞ்சினுக்குள் போகிற காற்றும் பெற்றோலும் கலந்த கலவை; மெலிவது என்றால் அதில் பெற்றோல் குறைவது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வரும்போதே கூடக் கொண்டுவந்த பழைய வெள்ளைக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. ஒருமுறை பசறை ஏற்றத்தில் காற்றுக் கூடி, பெற்றோல் குறைந்து, எஞ்சின் கொதித்து, பிஸ்டன் ஒன்று மெழுகாய் உருகிவிட்டதாம். அன்று பிடித்த பயம். கனடாவிலிருந்த மருமகன் இரக்கப்பட்டு ஓர் ஒக்சிஜன் சென்சர் அனுப்பிவைத்தான். விரல் நீளத்தில் ஓர் இரும்பு மூக்கு. சைலன்சர் குழாயில் துளை போட்டு அதைப் பொருத்தினால், புகையை மோந்து பார்த்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று சொல்லும். அங்கிருந்து ஒரு வயர் காருக்கு அடியால் ஓடி, முன்னால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மீட்டரில் முடியும். அதில் எண்கள் சிவப்பாக எரியும். பதினாலு தசம் ஏழு, அதாவது 14.7, என்றால் கலவை சரி. ஏற்றத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நல்லது. அதற்கு மேலே ஏறினால் அபாயம். இதை அவர் எங்களுக்குச் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. அதனால்தான் தசம் ஐயா.

மீட்டர் வந்தபிறகு அவருடைய பயம் குறைந்தது. எங்களுடையது தொடங்கியது. காரணம், அவர் வீதியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"ஐயா, முன்னால பஸ்சுங்க!"

"பஸ் கிடக்கட்டும் தம்பி. பதினைஞ்சு காட்டுது, பாத்தீரோ?"

கடைசியில் கந்தோரில் எல்லாரும் கூடி ஒரு சட்டம் போட்டோம். அவர் வீதியைப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவர் மீட்டரைப் பார்த்து உரக்க வாசிப்பது. அதிலும் நிம்மதி இல்லை. கொண்டை ஊசி வளைவில், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம், நீங்கள் "பதினாறு" என்று வாசித்துவிட்டால் அந்த இடத்திலேயே பிரேக். சில்லுக்குக் கல் வைத்து, பொனட்டைத் திறந்து, கொதிக்கிற காபரேட்டருக்குள் ஸ்குரூடிரைவரை விட்டு அரைச் சுற்றுத் திருப்புவார். பின்னால் லொறிகள் வரிசையாக நின்று அலறும். நான் கொஞ்சக் காலம் என்ன எரிந்தாலும் "பன்னெண்டு தசம் அஞ்சு" என்றே வாசித்தேன். உயிர் முக்கியம் இல்லையா?

இனி, உண்மையாகவே பயந்த நாளைச் சொல்கிறேன். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். மடுல்சீமையில் எங்கள் கந்தோர் நண்பர் ஒருவரின் மகளுக்குச் சடங்கு. சனிக்கிழமை காலை தசம் ஐயாவின் காரில் நானும் தட்டெழுத்தாளர் செல்வியக்காவும் புறப்பட்டோம். பசறையைத் தாண்டி ஒரு வளைவில், முந்தின நாள் வரை இல்லாத ஒரு சோதனைச் சாவடி முளைத்திருந்தது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். ஓர் இளம் சிப்பாய் குனிந்து காருக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தான். வயர். எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அந்த வயர் போய்ச் சேருகிற கறுப்பு மீட்டர்.

"மொகக்த மே?" என்றான். என்ன இது என்று கேட்கிறான்.

தசம் ஐயாவிடம் தானாக விரும்பி அதைக் கேட்டவர் அதுவரை யாருமில்லை. அவர் முகம் மலர்ந்தது. போட்டே காட்டுகிறேன் என்று, மீட்டர் எரியும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பினார்.

அந்தச் சென்சர் வேலைசெய்ய முதலில் சூடேற வேண்டும். அதுவரை மீட்டர் ஒவ்வோர் எண்ணாகக் குறைந்துகொண்டே வரும். எங்களுக்குப் பழகிப்போன விஷயம். சிப்பாய்க்கு? முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று சிவப்பு எண்கள் இறங்குவதைக் கண்டதும் அவன் கத்திய கத்தலில் மூன்று பேர் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். நானும் செல்வியக்காவும் இறங்கித் தேயிலைக்குள் ஓடினோம். எதற்கு ஓடினோம் என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓடினால் கால் தானாக ஓடும்.

தசம் ஐயா மட்டும் அசையாமல் இருந்து, தமக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாரையும் சமாதானப்படுத்தினார்: "மாத்தயா, ரத் வெனவா! ரத் வெனவா!" ஐயா, சூடாகுது, சூடாகுது என்று.

எண் பூச்சியத்துக்கு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த அமைதியில் துப்பாக்கிகள் சடசடவென்று நிமிர்ந்தன.

அவரை இறக்கி வீதியில் முழங்காலில் இருத்தினார்கள். அடையாள அட்டையை வாங்கினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிப்பாய் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்காகக் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. நான் தேயிலைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். கைகளைத் தூக்கியபடி கிட்டப் போய், பள்ளிக்கூடச் சிங்களத்தில், இது எண்ணெய் மிச்சம் பிடிக்கிற சாமான், எங்கள் கந்தோர் ஐயா, நல்ல மனிதர் என்று உளறினேன். செல்வியக்கா தேயிலைச் செடியைப் பிடித்தபடி, "சாமி, சாமி" என்று அழுதுகொண்டிருந்தார்.

வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தசம் ஐயாவை எழுப்பி ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்காரவைத்து, அப்படியானால் காரை ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்றார்.

"காட்டுறன்," என்றார் தசம் ஐயா. "ஆனா முதல்ல இந்தத் தம்பியையும் அந்தப் பிள்ளையையும் தூரத்தில கொண்டுபோய் விடச் சொல்லுங்கோ. வயரைப் பாத்துப் பயந்து ஆராவது சுட்டுப்போட்டா, அதுகள் பாவம்."

அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். சார்ஜன்ட் யாரும் எதிர்பார்க்காதபடி மற்றக் கதவைத் திறந்து, அவருக்குப் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்தார்.

கார் உறுமியது. எண்கள் தத்தளித்து நின்றன. சட்டம் சட்டம்தானே, பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். தசம் ஐயா மீட்டரைக் காட்டினார். சார்ஜன்ட் மெல்ல வாசித்தார்: "தாஹதரய் தசம ஹத."

பதினாலு தசம் ஏழு!

தசம் ஐயாவுக்கு எல்லாம் மறந்துபோனது. கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, சாவடிக்குப் பக்கத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்ற அவர்களுடைய டிரக்கைக் காட்டி, "அதில பெற்றோல்... இல்லை, டீசல் கூடிப்போச்சு. வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ" என்றார். இதைக் கட்டாயம் மொழிபெயர்க்க வேண்டுமா என்று எனக்கு உதறல். மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் சிரித்துவிட்டார். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அந்தச் சனியனைத் துணியால் மூடிக்கொண்டு போகச் சொன்னார்.

இரண்டு வளைவு தாண்டியதும் தசம் ஐயா காரை ஓரம் கட்டினார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்களை அவரால் விரிக்க முடியவில்லை.

"ஐயா, என்னங்க செய்யுது?" என்றார் செல்வியக்கா.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. தம்பி, லைசன்ஸ் இருக்கெல்லே? நீர் ஓட்டும். எனக்குக் கால் நிக்குதில்லை."

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். இடம் மாறி உட்கார்ந்தோம். செல்வியக்கா போத்தல் தண்ணீரைக் கொடுக்க, பாதி குடித்து, பாதியை நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் கதவில் தலை சாய்த்து, அடையாள அட்டையைக் கைக்குள் பொத்தியபடி, வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனார்.

லைசன்ஸ் எடுத்த பிறகு நான் கார் தொட்டது அன்றைக்குத்தான். மடுல்சீமை வீதியில் பள்ளம் எது, வீதி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அத்தனை பள்ளத்தையும் ஒவ்வொன்றாக விலத்தி, அவருடைய தூக்கம் கலையாமல், மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.