வலது கையால் கொடுத்த மனு

இதை எனக்கு முதலில் சொன்னவள் சூளகிரி சாந்தம்மா. ஐம்பத்தாறாம் வருஷம், சங்கராந்திக்கு மறுநாள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

ஓசூர்ப் பக்கம் ஒரு கடலையெண்ணெய் மில்லில் திம்மராயனின் வலது கை இயந்திரப் பட்டையில் சிக்கி முழங்கையோடு போய்விட்டது. பெருமாள் புண்ணியம், உயிர் தங்கியது. வேலையில் கை போனவருக்கு நஷ்டஈடு உண்டென்று சட்டம் சொல்லவே, பெண்டாட்டி வெங்கடம்மாளைக் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனான். அந்தப் பணம் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

மனுவை இடது கையால் நீட்டினான். அதிகாரி நாற்காலியோடு பின்வாங்கினார்.

"சர்க்காருக்கு இடது கையாலா கொடுப்பது? வலது கையால் கொடு."

"அது போனதுக்குத்தானுங்க சாமி மனுவே!"

"போனதா இல்லையா என்று மனுவை வாங்கிய பிறகு நான் முடிவு செய்வேன். அதுவரைக்கும் சர்க்கார் கணக்கில் உனக்கு ரெண்டு கை."

நியாயந்தானே! வெங்கடம்மாள் யோசித்தாள். புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் அக்குளுக்கடியில் தன் வலது கையை விட்டு மனுவை நீட்டினாள். அதிகாரி மனம் குளிர்ந்து வாங்கிக்கொண்டார். குமாஸ்தாவும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'மனுதாரர் வளையலணிந்த தமது வலது கையால் பணிவுடன் சமர்ப்பித்தார்' என்று கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. வலது கையால் மனு கொடுத்தவர் வலது கையை இழந்திருக்க முகாந்திரமில்லை. மனு தள்ளுபடி.

ஆட்டை விற்று மேல்கோர்ட்டுக்குப் போனார்கள். திம்மராயன் சட்டையைச் சுருட்டிக் காட்டினான். ஜட்ஜுக்கே கண் கலங்கிவிட்டது.

"பாவம்! ஆனால் கையைப் பார்ப்பது இந்தக் கோர்ட்டின் வேலையல்ல. கீழே எழுதியது ஒழுங்காக எழுதப்பட்டதா என்று பார்ப்பதே எம் வேலை. ஃபைலில் கை இருக்கிறதே!"

வெங்கடம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அது என் கைங்க சாமி! வளையலைப் பாருங்க!"

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "வளையல் வாங்க வசதியுள்ள மனுதாரருக்கு நஷ்டஈடு எதற்கு?"

அப்பீலும் தள்ளுபடி. கூடவே கருணையோடு ஒரு வரி: மனுதாரர் புதிதாக மனு கொடுக்கத் தடையில்லை, முறைப்படி வலது கையால்.

அதிகாரியை நினைத்து நினைத்து ஊரே வயிறு நோகச் சிரித்தது.

வெங்கடம்மாள் கூலிக்குப் போக, திம்மராயன் சூளகிரி சந்தையில் அவித்த கடலை விற்க உட்கார்ந்தான். ஊரிலேயே பெரிதாகச் சிரித்த எல்லப்பன் முதல் போணிக்கு வந்தார். திம்மராயன் அளந்து, இடது கையால் நீட்டினான்.

"ஏம்ப்பா, காலங்காத்தால எடது கையில குடுக்கறயே! வலது கையில குடு."

"அது மேல்கோர்ட்டு ஃபைல்ல இருக்குதுங்க மாமா. வாங்கியாந்து குடுங்க, அதுலயே தர்றேன்."

எல்லப்பன் அடுத்த கூடைக்குப் போனார். பின்னால் வந்தவர்களும் அங்கேயே போனார்கள். சாந்தம்மாவும் அன்றைக்கு அங்கேதான் வாங்கினாளாம்.

நீங்கள் சூளகிரி சந்தைக்குப் போனால் திம்மராயனிடம் ஒரு படி கடலை வாங்குங்கள். இடது கையால்தான் கொடுப்பான். வாங்கிக்கொள்ளுங்கள்.