சல்லடை அண்ணையும் மீன் ஐஸும்

மன்னாரில் காற்றும் மணலும் கழுதைகளும் தங்கள் பாட்டுக்குத் திரியும். அங்கே இருந்துகொண்டு, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் சல்லடை அண்ணை. அவர் மூத்தவராக இருந்த எங்கள் சிறிய ஆய்வுகூடத்தில் எவரும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வேலை கிராஃபீன் ஒக்சைட். பென்சிலுக்குள் இருக்கிற காரீயத்தை அமிலத்தில் பதப்படுத்தி உரித்தால் தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர் வரும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத தாள்கள். அவற்றை அடுக்கி, உவர்க் கிணற்றுத் தண்ணீரை வடிக்கும் சவ்வு செய்யவேண்டும். ஒலி அலையால் அடித்தால் தாள் சிறுக்கும். கூட அடித்தால் தூளாகும். பிறகு சுழற்றினால் பெரியவை அடியில் படியும், சிறியவை மேலே நிற்கும். நடுவில் நிற்பதை மட்டும் அண்ணை எடுப்பார். மற்றதைத் திரும்பியும் பாரார்.

வெளியிலும் அப்படித்தான். மீன் சந்தையில் இறாலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். விற்கிற அக்கா ஒருநாள் சொன்னா:

“தம்பி, இது கடலில பிடிச்சது. தையல்காரனிட்டத் தைப்பிச்சதில்லை.”

ஆய்வுகூடத்தில் குழுப்படம் எடுத்தபோது எங்களை உயரப்படி நிறுத்தத் தொடங்கினார். நிறுத்தி முடிக்கையில் வெளிச்சம் போய்விட்டது. படத்தில் பல்லு மட்டும் தெரிகிறது.

எனக்கோ அந்தத் தாள்கள்தான் பட்டம். மலையகத்திலிருந்து வந்து உயிலங்குளம் பக்கம் வயற்கூலிக்குப் போகும் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன். திங்கட்கிழமை கொழும்பில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் என் முறை. தாள்கள் ஒரே அளவாகத் தெரியாவிட்டால் ஆய்வறிக்கை இல்லை. என் பதிவுக்காலமும் அந்த மாதத்தோடு முடிகிறது.

ஒலி அலை தண்ணீரைச் சூடாக்கும், சூட்டில் தாள் கெடும். அதனால் குவளையை ஐஸுக்குள் வைப்போம். வெள்ளிக்கிழமை அண்ணையே தலைமன்னாருக்குப் போய், “நல்லாக் குளிரிற ஐஸ் தாங்கோ” என்று கேட்டிருக்கிறார். ஐஸ்காரர், படித்த மனிதர் கேட்கிறாரே என்று, மீனுக்குப் போடுவதுபோல் உப்பைத் தாராளமாகக் கலந்து கொடுத்துவிட்டார். அண்ணை கட்டிகளை ஒரே அளவாக உடைத்து அடுக்கினார். மெசின் அதிர, கரைந்த தண்ணீர் குவளைக்குள் தெறித்தது. உப்புப் பட்டால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். என் சாயத் தண்ணீர் திரிந்த பாலாகிப்போனது.

“அண்ணை, ஐஸை மணந்து பாக்கேல்லையோ?”

“மீன் மணத்ததுதான். தலைமன்னாரில என்னதான் மீன் மணக்காது?”

பிறகு கதிரையில் இருந்துவிட்டார். “பிழை என்னில,” என்றார்.

சனிக்கிழமை முழுக்க அந்தத் திரிந்த தண்ணீரை ஒரு சவ்வுப் பையில் கட்டி, வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கினோம். ஞாயிறு காலையிலும் தாள்கள் ஒட்டிய கட்டிகள் முழுதாகக் கரையவில்லை.

“திரும்ப மெசினில வைப்பமே?”

“வைச்சால் கட்டியும் உடையும், தாளும் உடையும். அளவு போயிடும். கையாலதான் ஆட்டவேணும்.”

போத்தலை மடியில் வைத்து, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டத் தொடங்கினார். நான் கேட்டும் தரவில்லை. அன்றைக்கு முருங்கனில் அவருக்குப் பொம்பிளை பார்க்கிற நாள் என்பது, அவருடைய அம்மா போன் எடுத்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. போனைச் சத்தமாக வைத்திருந்தார்.

“எங்கயடா நிக்கிறாய்? பொம்பிளை வீட்டார் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“வரேலாது அம்மா. கையில ஒண்டு இருக்கு, கீழ வைக்கேலாது.”

“ஆரின்ர பிள்ளையடா?”

“உயிலங்குளத்துப் பெடியன்ர,” என்றார் அண்ணை, மிகப் பொறுப்பாக. அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

கொழும்புப் படத்தில் என் தாள்கள், அவரே குறை சொல்ல முடியாதபடி, ஏறக்குறைய ஒரே அளவாகக் கிடந்தன. பட்டமளிப்புக்கு அண்ணையும் வந்தார். முதல்நாள் வரை வயலில் நின்ற என் அம்மா, மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். என் பெயரைக் கூப்பிட்டதும் அண்ணை மெல்லத் தட்டி எழுப்பி, “அம்மா, உங்கட பிள்ளை மேடையில ஏறுறான், பாருங்கோ,” என்றாராம்.

நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா சாப்பாடு போட முதல் கேட்கிறார்: “அந்தத் தம்பிக்குக் கல்யாணம் கூடிருச்சாப்பா?”