ஸ்டோர் ரூம் குங்குமப்பூ

குங்குமப்பூ வளர்ப்பது என்று நான் முடிவெடுத்தது சிதம்பரத்தில், ஒரு வளைகாப்புப் பந்தியில், கத்திரிக்காய் கொத்சுவுக்கும் பாயசத்துக்கும் நடுவில்.

வளைகாப்பு என் மச்சான் ஸ்ரீதரின் மனைவிக்கு. பாலில் போடக் குங்குமப்பூ வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். ஸ்ரீதர் சாவிக்கொத்தோடு போனான். பீரோவைத் திறந்தான். பீரோவுக்குள் இருந்த லாக்கரைத் திறந்தான். நகைப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு டப்பாவை எடுத்தான். அதிலிருந்து இரண்டு இழையை நுனி விரலால் கிள்ளினான். தும்மல் வந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டான். மறுபடி எல்லாவற்றையும் பூட்டினான்.

"என்னடா இது, நகையை முன்னாடி வெச்சுட்டுப் பூவைப் பின்னாடி பூட்டற?"

"மாமா, நகை வெலை எறங்கினாலும் எறங்கும். இது ஏறிக்கிட்டேதான் இருக்கும். காஷ்மீர் சரக்கு."

"காஷ்மீர்லதான் வளக்கணுமா? கடலூர்ல நான் வளக்கறேன் பாரு. வீட்டுக்குள்ளயே."

பந்தியே திரும்பிப் பார்த்தது. ஸ்ரீதர் சிரித்தான்.

"மாமா, கடலூர்ல வேர்வைதான் நல்லா வளரும்."

அந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். அப்படி ஒருவன் உள்ளே இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் செந்தமிழ்செல்வன். பெயரில்தான் தமிழ். வீட்டில் அதைப் பேச வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம். வேலை செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில், பாய்லர் பிரிவில். வீடு கடலூர் திருப்பாப்புலியூரில். மனைவி சந்திரலேகா.

நான் எந்தத் திட்டம் சொன்னாலும் லேகா அதை உடனே கவிழ்த்துவிடுவாள். சிதம்பரத்தில் பஸ் ஏறிச் சொன்னால் புதுச்சத்திரம் வருவதற்குள் திட்டம் செத்துப் போயிருக்கும். அன்றைக்கும் பஸ்ஸில் பயந்து பயந்துதான் ஆரம்பித்தேன்.

"லேகா, குங்குமப்பூ..."

"செய்யுங்களேன்."

"என்னது?"

"செய்யுங்கன்னேன். எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீங்க. என் தம்பி சிரிச்சிட்டான். விடக் கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மொட்டை மாடியில வெக்கலாமா?" என்றேன்.

"வெயில்ல வெந்துடும். ஸ்டோர் ரூம்தான் சரி. குளுமையா இருக்கும்."

அந்த ஸ்டோர் ரூமுக்கு ஒரு வரலாறு உண்டு. லேகாவுக்கு ஆரி ஒர்க் தெரியும். ஜாக்கெட்டில் ஜரிகையும் மணியும் வைத்துப் போடுகிற பூவேலை. தெருவில் பாதிக் கல்யாணப் பெண்கள் அவள் கைவேலையைத்தான் உடுத்தியிருந்தார்கள். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு கிளாஸ் வைக்க வேண்டும், ஸ்டோர் ரூமைக் காலி செய்து தாருங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் 'பாக்கலாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளே ஓடாத மிக்ஸி, படம் தெரியாத டிவி, மூன்று கால் நாற்காலி, சக்கரம் இல்லாத சைக்கிள் எல்லாம் இருந்தன. எதையும் எறிய எனக்கு மனசு வராது.

குங்குமப்பூவுக்காக ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனையும் வெளியே போனது. பழைய இரும்புக்காரர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

லேகா அறையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"செவுரு அழுக்கா இருக்கே. வெளிச்சம் பட்டு செடி மேல திரும்பணும்னா வெள்ளை பெயின்ட் அடிச்சாத்தானே சரி?"

அட, ஆமாம். அடித்தேன்.

"தட்டு வெக்க மேசை வேணாமா? ஜாஸ்தி உயரம் வேணாம். தரையில பாய் போட்டு உக்காந்தா கைக்கு எட்டற மாதிரி இருக்கட்டும். நீங்க உக்காந்து களை எடுக்கலாம் பாருங்க."

என்ன ஒரு கரிசனம்! ஆசாரியைக் கூப்பிட்டு அதே உயரத்தில் நீள நீளமாகச் செய்தேன்.

"ஜன்னல் பக்கம் ரெண்டு பிளக் பாயின்ட் இருந்தா செடிக்கு நல்லது."

செடிக்குப் பிளக் பாயின்ட் எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. போட்டேன்.

கிழங்கு ஆன்லைனில் வந்தது. பெட்டி மேல் பனிமலைப் படம். பிரித்தால் உள்ளே பூண்டு மாதிரி உருண்டைகள். தட்டுகளில் தேங்காய் நார்க் கழிவை நிரப்பி நட்டேன். செடிக்கென்றே விற்கிற ஊதா நிற விளக்கு ஒன்று வாங்கினேன், இருப்பதிலேயே மலிவானது. வெளிச்சம் வீணாகக் கூடாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். வாசல் கதவுக்குக்கூட இல்லாத பெரிய பூட்டு ஒன்றை அந்த அறைக்குப் போட்டேன்.

அடுத்து, குளிர். ஏ.சி. வாங்கக் கை வரவில்லை. யோசித்தேன். காஷ்மீரில் என்ன இருக்கிறது? ஐஸ். கடலூரில் ஐஸ் எங்கே இருக்கிறது? துறைமுகத்தில். மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை மூட்டையில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்து அறை மூலைகளில் குவித்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது. கூடவே வஞ்சிரமும் சங்கராவும் வாடையாக வந்து இறங்கின. தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில் மாநாடு போட்டன.

லேகா மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கஞ்சத்தனம் பண்ணினா காஷ்மீர் வருமா? பழைய ஏ.சி.யாவது ஒண்ணு பாத்து மாட்டுங்க. பூ முக்கியமில்லயா உங்களுக்கு?"

தன்மானப் பிரச்சினை. மாட்டினேன். எங்கள் படுக்கையறையில் ஃபேன். குங்குமப்பூ அறையில் ஏ.சி.

பச்சையாக முளை வந்தது. நான் துள்ளிய துள்ளலில் கீழே விழுந்திருப்பேன். ஸ்ரீதருக்கு வீடியோ அனுப்பினேன். 'மாமா, இது கோரைப்புல்லா?' என்று பதில் வந்தது. பொறாமை.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அன்பினால் செய்தது. காலையில் தண்ணீர். மத்தியானம் வாடுகிற மாதிரி தோன்றினால் தண்ணீர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும், நான் குடிக்கும் முன்னால் அதற்குத் தண்ணீர். ஒரு வீடியோவில் பஞ்சகவ்யம் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். இன்னொன்றில் டீத்தூள். போட்டேன். இன்னொன்றில் மீன் கரைசல். பூனைகள் மறுபடி வந்தன. விளக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்று நானாகவே நினைத்து, இலைக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் இறக்கிக் கட்டினேன். நுனியெல்லாம் கருகியது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். வேர் விட்டிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புதைத்தேன். மறுநாள் சந்தேகம் வந்து மறுபடி தோண்டினேன்.

பக்கத்து வீட்டு சார்லஸ் காம்பவுண்டு சுவர் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், உள்ள என்ன வேலை நடக்குது? ஜன்னல் இடுக்குல ஊதா கலரா வெளிச்சம் தெரியுது."

"அது ரகசியம் சார்லஸ்."

"செடியா?"

"ஒரு இழைக்கு எவ்ளோ தெரியுமா? வெளிய சொல்லிடாதீங்க."

சார்லஸ் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒருநாள் காலை லேகா தட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. வெள்ளையா ஏதோ பூத்திருக்கு."

ஓடினேன். கிழங்கின் மேல் பஞ்சு பஞ்சாக வெள்ளை.

"பூவா?" என்றேன்.

"பூஞ்சை. பூ வரும்னீங்க. பூனை வந்துது. இப்ப பூஞ்சை வந்திருக்கு. பூவுல ஆரம்பிக்கிறதெல்லாம் வருது, பூ மட்டும் வரல."

கிழங்கைத் தொட்டேன். வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி நசுங்கியது. எல்லாம் அழுகிப்போயிருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேசை உயரம் உண்மையிலேயே வசதியாகத்தான் இருந்தது.

"போவட்டும் விடுங்க" என்றாள் லேகா. குரலில் அவ்வளவு கனிவு. "ரூம் சும்மாத்தானே கெடக்கும் இனிமே..."

"சும்மாவா? இந்தத் தடவை தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு, அவ்ளோதான். அடுத்த லோடு கிழங்குக்கு ஆர்டர் போடப் போறேன். ஸ்ரீதர் மூஞ்சியில முழிக்கணும் இல்ல?"

லேகா ஏ.சி.யைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு காய் நறுக்கப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம். வாசலில் ஒரு பைக் நின்றது. காக்கி உடுப்பு. மீசை. கையில் லத்தி.

"செந்தமிழ்செல்வன் நீங்கதானா? நான் ஏட்டு கோவிந்தசாமி. உங்க வீட்ல ஏதோ வளக்கறீங்களாமே?"

"ஆமா சார். ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் சென்னையில படிக்கிறாங்க."

"நான் கேட்டது செடி. ஜன்னல்ல கறுப்புத் துணி. உள்ள ஊதா லைட்டு. ரூமுக்குப் பூட்டு. மூட்டை மூட்டையா என்னமோ வருது. கஞ்சான்னு தகவல்."

நான் லேகாவைக் கூப்பிட்டேன். லேகா முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"அய்யய்யோ, இவரு கஞ்சன் சார். கஞ்சா இல்ல."

"ரூமைத் தொறங்க."

திறந்தேன். பூட்டுக்குள் சாவி நுழையவே நேரமானது. ஏட்டு உள்ளே போனார். குனிந்து ஒரு கிழங்கை லத்தி நுனியால் புரட்டினார்.

"என்ன இது, பூண்டா?"

"குங்குமப்பூ சார்."

"பூ எங்க?"

"வரல சார்."

"எப்ப வரும்?"

நான் லேகாவைப் பார்த்தேன். லேகா மோட்டுவளையைப் பார்த்தாள்.

ஏட்டு நீண்ட பெருமூச்சு விட்டார்.

"நான் நம்பறேன் சார். என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். கஞ்சா வளக்கறவன் எவனும் இவ்ளோ மோசமா வளத்து நான் பாத்ததில்ல."

போன உயிர் திரும்பி வந்தது. மானம் வரவில்லை.

"ஆனா ஒண்ணு. நான் நம்பிட்டேன், ஊரு நம்பணும். அந்தத் துணியை அவுத்துடுங்க. ஊதா லைட்டு வேணாம், வெள்ளை லைட்டா போடுங்க. இந்த ரூம்ல நாலு பேரு வந்து போவணும். அப்பதான் யாருக்கும் சந்தேகம் வராது."

"நாலு பேரு வந்து போறதுன்னா எப்படிங்க சார்?" என்று லேகா கேட்டாள்.

"டியூஷன், கிளாஸ், இப்படி ஏதாவது."

"கிளாஸா?" என்றாள், அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவள் மாதிரி.

நான் பாய்ந்தேன். "லேகா! நீகூட ஏதோ ஆரி கிளாஸுன்னு சொல்லிக்கிட்டிருந்தியே!"

"இப்ப எதுக்குங்க அதெல்லாம். உங்க பூ என்னாவறது?"

"பூ கெடக்குது! நான் உள்ள போயிட்டா கம்பெனியில யாரு பாய்லரைப் பாப்பாங்க? உன் கால்ல விழறேன், நாளைக்கே ஆரம்பி!"

"பாக்கலாம்" என்றாள் லேகா.

அந்த 'பாக்கலாம்' சம்மதமாக மாற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கெஞ்சினேன். பெயர்ப் பலகை எழுதித் தந்தேன். தட்டுகளைக் கழுவி மாடியில் கவிழ்த்தேன். மேசைகளைத் துடைத்துத் துணிச் சட்டம் மாட்ட ஏற்பாடு செய்தேன். சார்லஸோடு பேச்சை நிறுத்தினேன். போட்டுக் கொடுத்தது அவர்தான், வேறு யார்? அவர் குட் மார்னிங் சொன்னால் நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். பாவம், அவரும் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கிளாஸ் ஆரம்பமானது. பாய் விரித்து, மேசைகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஏ.சி. ஓடியது. ஜன்னல் பக்கத்துப் பிளக் பாயின்ட்டில் மேசை விளக்கு எரிந்தது. லேகா நடுவில் உட்கார்ந்து ஊசியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன். துணியில் ஊதா நூலில் ஒரு பூ மலர்ந்துகொண்டிருந்தது. அந்த அறையில் பூத்த முதல் பூ.

டீ கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. முதலில் வந்து சேர்ந்த பெண் டம்ளரை வாங்கிக்கொண்டு, "நல்லாருக்கீங்களாண்ணா? நான் ஜான்சி. ஏட்டு கோவிந்தசாமி வூட்டுக்காரி" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். போலீஸ் குடும்பமே படிக்க வருகிறது என்றால் இனி எவன் சந்தேகப்படுவான்?

"அடடே! உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா. அன்னிக்கு வந்து எவ்ளோ பொறுமையா விசாரிச்சாரு தெரியுமா? டியூட்டின்னா அப்படி இருக்கணும்."

லேகா ஊசியில் நூல் கோக்கிற மும்முரத்தில் தலையை மிகவும் கீழே குனிந்துகொண்டாள். ஜான்சி டீயை ஊதியபடியே சொன்னாள்:

"டியூட்டியா? அன்னிக்கு அவருக்கு லீவுங்கண்ணா. லுங்கியோட கெளம்பினவரை, காக்கியில வந்தாத்தான் நீங்க கேப்பீங்கன்னு லேகாக்கா ஃபோன்ல சொல்லவும், நான்தான் அவசரமா அயர்ன் பண்ணிக் குடுத்தேன்."