ஏன் மாமி நடத்திய கிரகப்பிரவேசம்

கோபப்படுவதற்கென்றே ஒருவர் பிறக்க முடியுமானால், அது வங்காளத்தில் எங்கள் லேக் கார்டன்ஸ் பேட்டையின் ‘ஏன் மாமி’தான். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். இயற்பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. எதைப் பார்த்தாலும் “ஏன்?” என்பாள், பதில் வராமல் நகர மாட்டாள். ஒரு துர்கா பூஜையின்போது பந்தல் வாசலில் கிடந்த குப்பையைக் காட்டி, “அம்மனுக்குப் பத்துக் கை இருக்கே, ஒண்ணுலயாவது விளக்குமாறைக் குடுத்திருக்கலாமே, ஏன் குடுக்கலை?” என்று கேட்டாள். கமிட்டித் தலைவரே பெருக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமி வீட்டிலும் என் வீட்டிலும் வேலை செய்தவள் மாலதி. ரயில் பாதை ஓரத்துக் குடிசையில் புருஷனோடும் இரண்டு பெண்களோடும் இருந்தாள். ஒரு நாள் குடிசைகளை அகற்றப்போவதாகவும், பதிலுக்கு ஏழைகளுக்கான அடுக்குமாடியில் வீடு தருவதாகவும் சொன்னார்கள். மாலதி கேட்கப் போனால், “நீ அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி எங்கே?” என்று விரட்டிவிட்டார்கள்.

மாமி அந்த வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். துணைக்கு நான். அங்கே அவள் பேசியது வங்காளம். நான் தமிழில் தருவதால் சூடு கொஞ்சம் குறையும்.

“அவ அங்கே குடியிருக்கலைன்னா, நீங்க யாரைக் காலி பண்ணச் சொல்றேள்?”

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். “மாஷிமா, ரூல்ஸ் அப்படி” என்றார், பெரியவர்களைச் சித்தி என்று கூப்பிடும் வங்காள வழக்கப்படி.

“இடிக்கறப்போ கண்ணுக்குத் தெரியற குடிசை, வீடு குடுக்கறப்போ ஏன் தெரியலை?”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மாமி தினமும் வந்து உட்கார ஆரம்பித்ததும் அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. மாலதிக்கு வீடு கிடைத்தது.

வீடா அது? ஊர் எல்லை தாண்டி, பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து வெகுதூரம் வயல் வரப்பில் நடந்தால் ஒரு கட்டடம். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. சுவரில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வந்தது. குழாய்கள் பளபளவென்று இருந்தன, தண்ணீர்தான் இல்லை. கேட்டால், “கட்டடம் நாங்கள், தண்ணீர் வேற டிபார்ட்மென்ட்” என்றார் அதே அதிகாரி.

“பூஜைக்கு மூணு வாரத்துல அரண்மனை மாதிரி பந்தல் கட்டற ஊர்ல, மனுஷாளுக்குத் தண்ணி விட முடியலையா?” என்று மாமி வழியெல்லாம் கொதித்தாள். வீடு வந்ததும் திடீரென்று, பரணிலிருந்து பெரிய அடுக்குப் பாத்திரங்களை இறக்கச் சொன்னாள்.

மறுவாரம் மாலதி வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என்று அதிகாரியையும் அவர் சகாக்களையும் மாமி நேரில் போய் அழைத்தாள். “தென்னிந்தியச் சாப்பாடு, வாழை இலையில்” என்றாள். அப்படிக் கூப்பிட்டால் எந்த வங்காளி வராமல் இருப்பார்? நாலு மாடிக்கும் அடுக்குகளைச் சுமந்தவன் நான்.

சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம், குடிக்க நீர்மோர். விரல் நக்கிச் சாப்பிட்டார்கள். எழுந்ததும் அதிகாரி கேட்டார், “மாஷிமா, கை கழுவணுமே?”

“தாராளமா. அதோ குழாய்.”

திறந்தார். உஸ் என்று காற்று வந்தது. பின்னாலேயே ஒரு சிலந்தி வந்தது.

“ஏன் தண்ணி வரலை?” மாமி கேட்டாள்.

“அது வேற...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“அந்த டிபார்ட்மென்ட் வர்ற வரைக்கும் கையை இப்படியே வெச்சுண்டு இருங்கோ. இங்கே இருக்கறவா குழந்தைக்குக் கால் அலம்பிவிடக்கூட வழியில்லாம இருக்கா. உங்களுக்கு ஒரு வேளைக் கைதானே!”

இலையெடுத்துக்கொண்டிருந்த மாலதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அதிகாரி வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி மாடிப்படி இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் குடியிருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். கீழே கை கழுவ ஒரு இளநீர் வாங்கலாமென்றால், அதற்கும் அங்கே கடை இல்லை.

அந்த மாதமே தண்ணீர் வந்தது. பஸ் இன்றுவரை வரவில்லை. மாலதியின் புருஷன் இவ்வளவு தூரம் வந்துபோக முடியாமல் கட்டட வேலையை இழந்தான். மாலதி இருட்டோடு கிளம்பி இரண்டு ரயில் மாறி வேலைக்கு வருகிறாள். “இதுக்குப் பேரு வீடு குடுக்கறதா? ஊரை விட்டுத் துரத்தறது!” என்று மாமி கத்தினாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை.

முழங்கால் மோசமானதும் மகன் வந்து மாமியைச் சென்னைக்கு அழைத்துப்போய்விட்டான். பஸ்ஸுக்காக இப்போது அந்த அலுவலகத்துக்கு நான்தான் போகிறேன். போன வாரம் அதிகாரி எதிரில் நின்று “ஏன்” என்று கேட்க வாயைத் திறந்தேன்; “எப்படி இருக்கீங்க?” என்றுதான் வந்தது. வெளியே வந்து மாமிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“உனக்குக் கோபம் வராதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு, “நாளைக்கும் போ. வயிறு நிறையச் சாப்டுட்டுப் போய், பஸ் வர்ற வரைக்கும் அங்கேயே உட்காருடா” என்றாள்.