பெயரில்லாத மூடுபனிக்கு எந்த ஊர்?

மனிதர்களைப் பயமுறுத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள் எங்கள் அபிராமம் பக்கம் வந்து முயன்று பார்க்கலாம். நான் முயன்றிருக்கிறேன். அன்றைக்கு நடுநடுங்கிப் போனது ஒரே ஆள்தான். அது நான்.

கல்லூரி விடுதியில் எனக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ புகுந்து, 'கதவைத் திறக்கிறேன்', 'வாளை உருவுகிறேன்' என்பார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். அதில் திகில் கதைகளுக்குத்தான் மவுசு. திகிலிலும் ரகங்கள் உண்டு. ரத்தம் தெறிக்கிற ரகம், பாழடைந்த அரண்மனை ரகம், உடம்புக்குள் வேறொன்று புகுந்துகொள்ளும் ரகம். எல்லாவற்றுக்கும் மேலே, பெயரே இல்லாத ஒன்று வரும் ரகம். அது என்னவென்று புரியாது. புரிந்துகொள்ளப் பார்த்தால் புத்தி பேதலித்துவிடும். (என் அரியர் பாடங்களும் ஏறக்குறைய அந்த ரகம்தான்.)

அந்தப் பங்குனியில் நான் ஊருக்கு வந்தபோது, செல்வி அக்காவுக்குக் கல்யாண நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அக்கா பி.எஸ்சி. முடித்திருந்தாள். பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. "படிச்ச வரைக்கும் போதும், வைகாசியில முடிச்சிருவோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பிவிட்டார். எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் ஆளில்லை. முதல்நாள் முழுக்க அக்கா முற்றத்தில் குண்டு மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். காந்தலா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியாத வேலை அது.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்தது. பெரியவர்கள் முன்கூடத்தில் பேச உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கதிரேசனும் அக்காவும் உள்ளறையில். அம்மா என் காதில், "ஏலே, நீயும் கூடவே இரு. தனியா விட்டுட்டு எங்கயும் போயிராத" என்றாள்.

கரண்ட் இல்லை. வெயிலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தோம். இடுக்கில் நுழைந்த ஒரே ஒரு வெளிச்சக் கோட்டில் தூசி மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. மிளகாய் வாசம். இருவரும் பேசவில்லை. தூங்குகிற வீட்டின் கனவுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும் விழித்திருப்பது போல இருந்தது. இதைவிட நல்ல ஆட்டக்களம் எனக்கு எங்கே கிடைக்கும்? பகடையை எடுத்துவிட்டேன்.

மச்சான் வாள்வீரன், அக்கா வைத்தியச்சி. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடங்கினேன். "காரங்காட்டு அலையாத்திக் காடு. படகு தானாகப் போகிறது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீருக்குச் சத்தம் இல்லை. வேர்களுக்கு நடுவிலிருந்து ஒரு மூடுபனி எழுந்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது."

"யாரு அது?" என்றார் மச்சான்.

"அதுக்குப் பேர் கிடையாது."

"பேரில்லாம எப்புடி மாப்ள? எந்த ஊருன்னாவது கேளு."

"ஊரும் கிடையாது மச்சான். புரிஞ்சுக்கவே முடியாத ஒண்ணு."

"பாவம், நாதியத்தது போல" என்றாள் அக்கா. "ஒரு படையல் போட்டா அடங்கிரும். கருவாடு திங்குமா?"

விடுதியில் இதே இடத்தில் தடியன்கள் எல்லாம் போர்வைக்குள் புகுந்திருக்கிறார்கள். இவர்களோ என் மூடுபனியைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். கடுப்பில் ரகத்தை மாற்றினேன். பகடையை உருட்டச் சொன்னேன். அக்காவுக்கு விழுந்தது ஒன்று, இருப்பதிலேயே மோசமான எண்.

"போச்சு. மூடுபனி உனக்குள்ள புகுந்துருச்சு. இனிமே பேசுறது நீ இல்ல, அது."

 அக்கா பின்னலை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னாள். "நான் போக மாட்டேன்."

மச்சானை அழைக்க வந்த அவருடைய அம்மா அப்போதுதான் நிலைப்படியில் கால் வைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டார். "யாரு நீ? எந்த ஊரு?"

ஆட்டத்துக்குப் புது ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். (என் மூளையின் வேகம் அப்படி.) "உருட்டுங்க அத்தை" என்று பகடையை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னலே, மந்திரிச்ச தாயக்கட்டையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் நின்றே போனது என்று பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டு அய்யாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள்.

"காரங்காடு" என்றது அக்காவின் குரல்.

"அங்கனருந்து இங்கன என்ன சோலி? என்ன வேணும், சேவலா, சேலையா? கேட்டு வாங்கிட்டுப் போ."

அக்கா தலையைத் தூக்கவே இல்லை. முடிக்குள்ளிருந்து மெதுவாக வந்தது: "பி.எட்."



"பேய் எதுக்குலே பி.எட். படிக்கணும்?" என்று அய்யா என்னைக் கேட்டார், அந்தப் பேய் என்னோடு விடுதியில் தங்கியிருப்பது போல.

மச்சான் முகத்தை அழகாகக் கவலையாக வைத்துக்கொண்டார். "அம்மா, சரின்னு சொல்லிருங்க. கேட்டதக் குடுக்கலன்னா போகாதுல்ல."

அத்தை அக்காவையே பார்த்தார்.  வெளிச்சக் கோடு அவருடைய வளையல் வரை நகர்ந்திருந்தது. "சரி. படிச்சு முடிக்கட்டும். கல்யாணம் அதுக்கப்பறம். வாக்குக் குடுத்துட்டேன், எறங்கு."

பிறகு முற்றத்திலிருந்து ஒரு கை மிளகாயை அள்ளி, அடுப்புத் தணலைக் கரண்டியில் எடுத்து வந்து அதில் போட்டார். நெடி ஏறாவிட்டால் பேய் இன்னும் இருக்கிறது; ஏறினால் போய்விட்டது என்பது ஊர்க் கணக்கு. ஜன்னல் சாத்தியிருந்த அறை. அய்யா இருமினார், அம்மா தும்மினாள், மச்சான் கதவைத் தேடிச் சுவரில் முட்டினார். நான் அழுதுகொண்டே இருந்தேன். "போயிருச்சு" என்று அத்தை இருமலுக்கு நடுவே அறிவித்தார்.

என் பகடை அன்று சாயங்காலமே அய்யா கையால் கண்மாய்க்குப் போனது.

அக்கா இப்போது பரமக்குடிப் பக்கம் டீச்சர். வீட்டில் அவள் எதைக் கேட்டாலும், "நீ கேக்குறியா, காரங்காடு கேக்குதா?" என்பார் மச்சான். போன மாதம் அதற்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின், நான் அத்தையிடம் ரகசியமாக, "நெசமாவே அன்னைக்கு நம்புனீங்களா?" என்று கேட்டேன்.

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "நம்மூரு குண்டு மிளகா எந்தக் காலத்துலடா நெடி அடிக்காம இருந்துச்சு? எட்டாவதோட என்னைய நிறுத்துனப்ப, எனக்கு ஒரு பேயும் வந்து கேக்கல."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு இன்னும் ரெண்டு அரியர் இருக்காம்ல? மிளகா கொண்டாரவா?"