தாளக்காரனுக்குப் பதிலாக ஒரு மென்பொருள்

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மாபெரும் முன்னேற்றம், கிராசிமிரின் கல்யாணக் கச்சேரிக் குழு டிரம்ஸ்காரனை நீக்கிவிட்டு மென்பொருள் வைத்துக்கொள்ள முடிவு செய்ததுதான். பிளவ்டிவ் நகர வட்டாரத்தில் மற்றக் குழுக்களெல்லாம் கணினியைத் தட்டிவிட்டுப் பாடும்போது, இவர்கள் மட்டும் கூடுதலாக ஒரு ஆளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கேட்பது "காலத்துக்கு ஒவ்வாத செயல்" என்று தீர்மானம் நிறைவேறியது.

தேர்வுக் குழுவில் மூவர்: பாடகரும் தலைவருமான கிராசிமிர், கிளாரினெட் விஹ்ரென், டிரம்ஸ் ஸ்பாஸ். வெளியே போகிறவனையே உறுப்பினராகப் போட்டது குழுவின் பெருந்தன்மை. தாளம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பது சின்னக் காரணம். டிரம்ஸை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாத ஸ்பாஸ், "நடுநிலையோடு" உட்கார்ந்திருந்தான்.

முதல் மென்பொருள் பிசிறில்லாமல் வாசித்தது. கிராசிமிர் வரி மறந்து விழித்தார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"மரியாதை கெட்ட சனியன்! நான் நின்னா நிக்க வேணாம்?"

"இத்தனை நாளும் நீங்க மறந்தப்பல்லாம் நான்தானே அங்கயே சுத்திச் சுத்தி வாசிச்சேன், தலைவரே" என்றான் ஸ்பாஸ்.

"நான் எப்பய்யா மறந்தேன்?"

அடுத்ததில், கைகோத்து ஆடும் ஹோரோ பாட்டு நாலே நிமிடத்தில் நின்றது. விஹ்ரென் பதறினான்.

"மாப்பிள்ளையோட அம்மா கைக்குட்டைய வீசி மொத்த வரிசையையும் இழுத்துட்டுப் போறப்ப பாட்டு நின்னா, நம்மள உயிரோட விடுவாங்களா?"

ஆகவே குழு நிபந்தனைகளை வகுத்தது. தலைவர் மறந்தால் காத்திருக்க வேண்டும். கைக்குட்டை மேலே போனால் வேகம் கூட வேண்டும். ரக்கியாச் சாராயம் உள்ளே போனபின் தலைவர் எந்தப் பாட்டுக்குத் தாவினாலும் கூடவே தாவ வேண்டும்.

"அப்படி ஒண்ணு இருக்கு" என்றான் ஸ்பாஸ். "ஞாயித்துக்கிழமை கல்யாணத்துல மாட்டிக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன்."

ஞாயிறன்று மேடையில் மடிக்கணினி மினுக்கியது. ஒரு கம்பி பின்திரைக்குள் போனது. கிராசிமிர் மறந்தார், அது காத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையை உயர்த்தினார், அது பறந்தது. வாசிப்பவன் நெற்றியில் அன்பளிப்பாக ஒட்டுவதுபோல, பெண்ணின் சித்தப்பா ஒரு பண நோட்டை எச்சில் தொட்டுக் கணினியில் ஒட்டினார்.

கிராசிமிருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னா ஞானம்டா இதுக்கு! அந்த ஸ்பாஸ் பய ஒரு நாளாவது இப்படி வாசிச்சிருப்பானா?"

பாட்டு முடிந்ததும், கம்பி கழன்றுவிடக் கூடாதே என்ற அக்கறையில் திரையை விலக்கினார். உள்ளே, மின்சாரத் தாளப் பலகைகளுக்கு நடுவே, சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான் ஸ்பாஸ்.

"நீயா?"

"நீங்க கேட்டதெல்லாம் இருக்கா, இல்லையா?"

கிராசிமிர் ஆழ்ந்து யோசித்தார். திரையை இழுத்து மூடிவிட்டு மைக்கைப் பிடித்தார். "சொந்தபந்தங்களே, நம்ம புது சாஃப்ட்வேருக்கு ஒரு கைத்தட்டல்!"

மண்டபம் அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் தனக்கு விழுந்த முதல் கைத்தட்டலுக்கு ஸ்பாஸ் எழுந்து, திரையைப் பார்த்து வணங்கினான். வேலை தப்பித்தது. நிம்மதியில் பசி தெரிந்தது.

"தலைவரே," என்று மெல்லக் கூப்பிட்டான், "ஒரு தட்டு சாப்பாடு இந்தப் பக்கம் தள்ளுங்களேன்."

"ஏன்டா," என்றார் கிராசிமிர், திரும்பிப் பார்க்காமலே, "சாஃப்ட்வேர் எங்கயாவது சாப்பிடுமா?"