முதல் முட்டைக்கு முன் கட்டாதே

ஹாலோ கிரீக், ஓஹாயோ
மே மாதம், மழை விட்ட காலை

அன்புள்ள மார்லிஸ் பெரியம்மாவுக்கு,

கொரின் எழுதுவது. நான் நலம். உங்கள் புது முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டதா? அரிசோனா வெயில் அதற்கு ஒத்துக்கொள்கிறது என்று ரோலண்ட் அண்ணன் சொன்னான். மகிழ்ச்சி. இங்கே உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது. செடிகளில் பாதி உயிரோடு இருக்கின்றன. மீதியைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம்.

நீங்கள் கேட்க நினைப்பது இதையெல்லாம் அல்ல என்று தெரியும். மயக்க மருந்து தெளிந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வியே "பெட்டியில யாரு இருக்கா?" என்பதுதானாம். போன வருடம், நீலப்பறவைகளுக்காகக் கொல்லைக் கம்பத்தில் நீங்கள் மாட்டிய அதே கூட்டுப்பெட்டிக்குள் தாய்ப்பறவை சிட்டுக்குருவியால் மண்டை கொத்தப்பட்டுக் கிடந்ததையும், இன்னொரு முறை அப்படி நடந்தால் கம்பத்தையே அறுத்துப் போட்டுவிடுவேன் என்று நீங்கள் அழுததையும் நான் மறக்கவில்லை. அதனால்தான், தபால்காரரைக் கண்டால் கூடத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நான், இந்த வசந்தம் முழுக்க உங்கள் பழுப்புக் கோட்டை இரவு உடைக்கு மேலே மாட்டிக்கொண்டு கொல்லையில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறேன். துணி துவைக்கக்கூட நேரமில்லை. கோட்டின் நிறம் மாறியிருந்தால் மன்னிக்கவும்.

எதிரி ஒரே ஒரு ஆண் சிட்டுக்குருவி. கழுத்தில் கறுப்புத் துணி கட்டிய மாதிரி இருப்பான். பெட்டியின் மேல் உட்கார்ந்து விடியலிலிருந்து ஒரே சொல்லைக் கத்துவான். அவன் வைக்கோல், கோழியிறகு, சிகரெட் துண்டு, யாரோ தின்ற மிட்டாயின் உறை என்று திணித்து வைப்பதை நான் காலையில் உருவி எறிவேன், மத்தியானத்துக்குள் அதே மிட்டாய் உறையோடு திரும்பி வந்து நிற்பான். நீங்கள் சொன்னபடி ஓட்டைக்கு இருபுறமும் தூண்டில் நரம்பு கட்டினேன்; அவன் அதைக் கொஞ்சநேரம் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு, நடுவில் புகுந்து போனான். ஆத்திரத்தில் நான் ஏதோ வாய்விட்டுத் திட்டியிருக்க வேண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் ப்ரூயிட் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா கொரின், காலங்காத்தால யாரைத் திட்டுறே?"

"குருவியைத்தான். நீங்கதான் தினையும் சோளமும் கொட்டி இதுங்களை வளர்க்கிறீங்க, மிஸ்டர் ப்ரூயிட்."

"நானா? நான் பறவைங்களுக்குப் போடறேன். வர்றவன் யாரு, எந்த ஊருன்னு வாசல்ல நின்னு விசாரிக்க முடியுமா? முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன்மா நான். ஏறின பிள்ளைங்களை எல்லாம் ஏத்திக்கிட்டுதான் போனேன்."

இருந்தாலும் நல்ல மனிதர். குருவியை மிரட்டப் பளபளப்புத் தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டதும், தன் ஓய்வு விருந்தில் பறந்த வெள்ளி நிற பலூனையே கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பட்டைபட்டையாக வெட்டி, பெட்டிக்கு மேலே ஒரு குச்சியில் தொங்கவிட்டேன். குருவி ஓடிவிட்டான். ஆனால் உள்ளே கூடு கட்டிக்கொண்டிருந்த நம் நீலப்பறவைகளும் மின்கம்பியில் உட்கார்ந்துவிட்டன, பெண் பறவை வாயில் புல்லோடு. நாள் முழுக்க இறங்கவேயில்லை. உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"முட்டை வந்துச்சா?"

"இன்னும் இல்ல, பெரியம்மா."

"அப்ப எதுக்குடி கட்டினே? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உள்ள ஒரு முட்டை கிடந்தாத்தான் அவ பயத்தை முழுங்கிக்கிட்டு வருவா. ஒண்ணுமில்லாத வீட்டுக்கு எவ வருவா? கழட்டு முதல்ல!"

கழற்றினேன். அதற்குள் ப்ரூயிட் சாப்பாட்டுக் கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதன்பிறகு இந்த ஊரில் எனக்கு நிம்மதி இல்லை. ஆணி வாங்கப் போனால் கல்லாவில் இருக்கும் பெண், "என்ன கொரின், முட்டை போட்டாச்சா?" என்கிறாள். தேவாலய மீன் விருந்தில் பாதிரியார் கேட்கிறார். என் பெயரே தெரியாதவர்களுக்கெல்லாம் என் முட்டையைத் தெரியும்.

ஒருநாள் காலை வழக்கம்போலப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, பெண் பறவை வெளியே பறந்ததும் கதவைத் திறந்து பார்த்தேன். புல்லுக்குள் வெளிர்நீலமாக ஒன்று. மறுபடி வெள்ளிப் பட்டைகளைக் கட்டினேன். அவள் கம்பியில் உட்கார்ந்து பார்த்தாள். காற்றில் பட்டைகள் படபடத்தன. இரண்டு முறை பாதிவழி வந்து திரும்பிப்போனாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு குதிப்பவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். பெரியம்மா, நான் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். ப்ரூயிட் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மறுநாள் தினை போடுவதையும் நிறுத்திவிட்டார்.

இப்போது நான்கு முட்டைகள். அடைகாக்கிறாள். குருவி தொலைந்தான், எங்கே என்று தெரியாது, கவலையுமில்லை. இந்த நாட்டுப் பறவை இல்லை என்பதால், அவன் கூட்டை எங்கே கண்டாலும் பிடுங்கி எறியச் சட்டமே அனுமதிக்கிறது. நானும் இரக்கம் காட்டப்போவதில்லை. இனி நான் கதவைச் சாத்திக்கொண்டு என் புத்தகங்களோடு இருப்பேன். இந்த ஊர் என்னை மறக்கட்டும். நீங்கள் சீக்கிரம் வந்து உங்கள் கம்பத்தைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

ரோலண்ட் அண்ணனுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் முழங்கால் படியேறப் பழகட்டும்.

இப்படிக்கு,
கொரின்

பி.கு.: தபால்தலை இல்லாமல் கடிதம் இத்தனை நாள் மேசையிலேயே கிடந்துவிட்டது. நான்கும் பொரிந்துவிட்டன! நேற்று ஒருவழியாகத் துணி துவைத்து உலர்த்தும் இயந்திரத்தில் போடப்போனால், அதற்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். இயந்திரத்தின் சூடான காற்று வெளியேறும் குழாய்க்கு வெளிச்சுவரில் இருக்கும் மூடி உடைந்திருக்கிறது. குழாய்க்குள் வைக்கோல், கோழியிறகு, அந்த மிட்டாய் உறை, நடுவில் திறந்த மஞ்சள் வாய்கள். கையை உள்ளே விட்டேன். சூடாக இருந்தன. கையை எடுத்துவிட்டேன். அவை பறக்கும்வரை இயந்திரத்தைப் போடமாட்டேன். உங்கள் பறவைச் சங்கத்தாரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். என் உள்ளாடைகள் உட்பட எல்லாம் தெருவே பார்க்கக் கொல்லைக் கயிற்றில் தொங்குகின்றன. ஒரு முனையில் நீலப்பறவை உட்கார்ந்து புல்லில் புழு தேடுகிறது, மறுமுனையில் அவன். ப்ரூயிட் வேலியோரம் வந்து, "அப்ப நான் தினை போடலாமா?" என்கிறார். துணிக் கிளிப்புகள் எந்த டப்பாவில் இருக்கின்றன, பெரியம்மா? காற்று பலமாக அடிக்கிறது.